விளக்கு வைத்த பிறகு

எங்கள் வீட்டில் விளக்கு வைத்த பிறகு செய்யக் கூடாதவை நிறைய உண்டு. நகம் வெட்டக் கூடாது. வீட்டைப் பெருக்கிக் குப்பையை வெளியே கொட்டக் கூடாது. பக்கத்து வீட்டுக்கு உப்போ ஊசியோ கொடுக்கக் கூடாது. இதையெல்லாம் நான் மீறியதில்லை, மீற வேண்டிய அவசியமும் வந்ததில்லை. இன்னொன்றும் உண்டு: செடியைத் தொடக் கூடாது. "பொழுது சாஞ்சா செடி கொடியெல்லாம் தூங்கும்டா, எழுப்பாத" என்பாள் ஆயா. ஆயா போய்ச் சேர்ந்து பல வருஷம் ஆகியும் அம்மா அந்தச் சட்டத்தை ஒரு வரி மாற்றாமல் நடத்திவருகிறாள்.

சிக்கல் என்னவென்றால், நான் வீட்டுக்கு வருவதே விளக்கு வைத்த பிறகுதான். வேலை புதுச்சேரியில், வீடு கடலூரில். தூரம் 25 கிலோமீட்டர்கூட வராது. ஆனால் அரியாங்குப்பத்தில் ஒரு நெரிசல், தவளக்குப்பத்தில் ஒரு நெரிசல், கிருமாம்பாக்கத்தில் ஆள் ஏற்ற ஒரு நிறுத்தம் என்று பஸ் பெண்ணையாற்றுப் பாலத்தைத் தாண்டும்போதே மணி 7 ஆகிவிடும். வாரத்தில் ஆறு நாள் தோட்டம் எனக்கு இருட்டில்தான் கிடைக்கும். செம்பருத்தி காலையில் விரிந்து, தெருவில் போகிற வருகிறவர்களுக்கெல்லாம் முகம் காட்டிவிட்டு, நான் வரும் நேரத்தில் சுருட்டி வைத்த பீடி மாதிரி தொங்கும். 2019 வாக்கில் ஒரு முடிவுக்கு வந்தேன். நான் இருக்கிற நேரத்தில் பூக்கிறதை வளர்ப்பது. இடம் குறைவு, அதனால் மேலே ஏறுகிற கொடியாகப் பார்ப்பது.

இடம் என்றால் முன்னால் ஒரு கேட், பின்னால் 10 அடிக்கு 20 அடி கொல்லை. மண், கடற்கரை மணல். 1690இல் ஆங்கிலேயர்கள் தேவனாம்பட்டினத்துக் கோட்டையை மராத்தியரிடம் விலைக்கு வாங்கியபோது, கோட்டையிலிருந்து பீரங்கிக் குண்டு போய் விழும் தூரம்வரை உள்ள ஊர்களும் சேர்த்தி என்று பேசி வாங்கினார்கள். எங்கள் மனையும் அந்தக் குண்டு வட்டத்துக்குள்தான் இருந்திருக்க வேண்டும். கோட்டை இடிந்துபோனது. உப்புக்காற்று மட்டும் இன்னும் தினமும் வந்துபோகிறது. அதனால் குழியில் பாதிக்கு மேல் கேப்பர் மலைச் செம்மண்ணும் மக்கிய தொழு உரமும் போட்டுத்தான் எதையும் ஆரம்பிக்க வேண்டும். அது இல்லாமல் நட்ட எதுவும் எனக்கு முழங்கால் உயரம் தாண்டியதில்லை.

முதலில் வந்தது ரங்கூன் மல்லி. பெயரில் மல்லி இருக்கிறதே தவிர மல்லிகைக்கும் இதற்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. கடுக்காய், மருது, நாட்டு வாதுமை இவைதான் இதன் பங்காளிகள். வெயில் தாழ்ந்ததும் வெள்ளையாக விரியும், மறுநாள் ரோஸ், அதற்கடுத்த நாள் நல்ல சிவப்பு. ஒரே கொத்தில் மூன்று நாளின் பூவும் சேர்ந்து தொங்கும். வெள்ளையாக இருக்கிற முதல் ராத்திரி, குழல் மாதிரி நீண்ட அந்தக் காம்புக்குள் நாக்கை விடத் தெரிந்த அந்துப்பூச்சிகளுக்கு. சிவந்த பிறகு பகலில் வருகிற தேனீக்கும் பட்டாம்பூச்சிக்கும். ஷிஃப்ட் முறை.

17ஆம் நூற்றாண்டில் டச்சுக் கம்பெனி வேலையாக இந்தோனேசியாவின் அம்போன் தீவில் இருந்த ரம்ஃபியஸ் இந்தக் கொடிக்குக் குவிஸ்குவாலிஸ் என்று பெயர் வைத்தார். லத்தீனில் "யார் இது, எப்படிப்பட்டது" என்று கேட்கிற மாதிரி ஒரு பெயர். நாளுக்கொரு நிறம் காட்டினால் வேறு எப்படிக் கூப்பிடுவது? 1670இல் அவருக்குப் பார்வை போய்விட்டது. அதற்குப் பிறகும் பிறர் உதவியோடு தாவரங்களைப் பற்றி எழுதிக்கொண்டேதான் இருந்தார். நிறம் தெரியாமல் போன பிறகும் இந்தக் கொடி பூத்த வீட்டைத் தெருமுனையிலேயே அவர் கண்டுபிடித்திருப்பார் என்று எனக்கொரு நினைப்பு. எங்கள் தெருவில் நானே அப்படித்தான், கரண்ட் போன ராத்திரிகளில் மூக்கை நம்பியே வீடு வந்து சேர்ந்திருக்கிறேன்.

ஆனால் வளர்ப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. முல்லைக்குப் பாரி தேர் கொடுத்தான். ரங்கூன் மல்லி என்னிடம் எதையும் கேட்கவில்லை, கேபிள் டிவி வயரை அதுவாகவே எடுத்துக்கொண்டது. இரண்டே வருஷத்தில் கேட்டைத் தாண்டி, சன்ஷேடைத் தாண்டி, எதிர் வீட்டுக் கம்பிவரை போய்விட்டது. வேரிலிருந்து வேறு ஆங்காங்கே புதுக் கன்று முளைக்கும். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிப் பக்கம் கரையைக் கடந்தபோது மொத்தக் கொடியும் கேட்டோடு சாய்ந்தது. முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிட்டேன். பங்குனியில் மறுபடியும் சன்ஷேடு.

அடுத்தது இரவு ராணி. அது கொடியுமில்லை, புதர். வாசனை மனைவிக்கு மண்டையிடி கொடுத்தது. ஒரே மழைக்காலத்தில் பிடுங்கிவிட்டோம்.

பிரம்ம கமலம் பற்றிச் சொல்ல வேண்டும். அந்தப் பெயரில் நம் ஊர் நர்சரிகளில் விற்பது மெக்சிகோ, மத்திய அமெரிக்கப் பக்கத்துக் காடுகளில் மரத்தின்மேல் தொற்றி வளரும் ஒரு கள்ளி. உண்மையான பிரம்ம கமலம் இமயமலையில் உயரத்தில் பூப்பது, உத்தரகாண்டின் மாநிலப் பூ. நம் வெயிலில் அது ஒரு நாள் தாங்காது. இந்தக் கள்ளியைக் கேரளத்தில் நிஷாகந்தி என்கிறார்கள், எனக்கு அந்தப் பெயர் பிடிக்கும். கள்ளிதானே என்று முதல் செடியை மொட்டை மாடி வெயிலில் வைத்தேன். வெளுத்து, சுருங்கி, செத்தது. இரண்டாவதை மாமர நிழலில், தேங்காய் நாரும் கரித்துண்டும் கலந்த தொட்டியில் வைத்தேன். மூன்று வருஷம் தட்டைத் தட்டையாக நீண்டுகொண்டே போனது, அவ்வளவுதான். நான்காம் வருஷம் ஆடி மழைக்குப் பிறகு, இலை என்று நாம் நினைக்கிற அந்தத் தண்டின் ஓரத்தில் ஒரு மொட்டு.

தலை குனிந்து தொங்கிய மொட்டு, பூக்கிற நாளன்று கொக்கு மாதிரி கழுத்தை வளைத்து நிமிர்ந்தது. அதுதான் அடையாளம். 9 மணிக்கு வாய் திறந்தது, 11 மணிக்கு முழுசாக விரிந்தது. சேதி எப்படிப் போனதோ, தெருவே வந்துவிட்டது. எதிர் வீட்டுப் பெரியம்மா குங்குமமும் கற்பூரமுமாக வந்து நின்றார். "பெரியம்மா, இது மெக்சிகோ கள்ளி, பிரம்மாவுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல" என்று நான் ஆரம்பித்தேன். அம்மா குறுக்கே வந்தாள்: "மெக்சிகோவ மட்டும் வேற ஆளா படைச்சான்? செத்த சும்மா இரு." இருந்தேன். விடியும்போது பூ துவண்டு, நனைந்த கைக்குட்டை மாதிரி தொங்கியது. தொட்டியில் கற்பூரச் சாம்பல்.

வீட்டில் ஏற்கெனவே இருந்த இரவுக்கொடி, அம்மாவின் முல்லை. அதை அம்மா 4 மணிக்கே மொட்டாகப் பறித்துவிடுவாள். கட்டி, ஈரத்துணியில் சுற்றி வைத்து, சாயந்தரம் சாமிக்கும் தலைக்கும். எங்கள் வீட்டு முல்லை கொடியில் பூத்து நான் பார்த்ததே இல்லை. தலையில்தான் பூக்கும். தை பாதி தாண்டியதும் முழங்கால் உயரத்துக்குக் கவாத்து செய்துவிட வேண்டும், அப்போதுதான் கோடையில் புதுத்துளிர் வந்து மொட்டு பிடிக்கும். அதை அம்மா யாரிடமும் விடமாட்டாள்.

நெடுநல்வாடையில் ஒரு காட்சி உண்டு. விடாமல் அடிக்கிற வாடைக்கால மழையில் பகலும் இரவும் ஒன்றாகிக் கிடக்கிறது, பொழுது தெரியவில்லை. வீட்டுப் பெண்கள் பிச்சி மொட்டுகளைத் தட்டில் வைத்திருக்கிறார்கள். மொட்டு அவிழ்ந்து மணத்ததும், ஓ, மாலை வந்துவிட்டது என்று அறிந்து விளக்கேற்றுகிறார்கள். கார்த்திகை மாசத்துக் கடலூரில் இருந்து பார்த்தவர்களுக்கு அந்த இருட்டு நன்றாகவே தெரியும். அவர்கள் பூவைக் கேட்டு விளக்கு வைத்தார்கள். நாங்கள் விளக்கு வைத்ததும் பூவைத் தொடக் கூடாது என்கிறோம். இதை அம்மாவிடம் சொன்னபோது, "அவங்க தட்டுல இருந்தத பாத்தாங்க, கொடியத் தொட்டாங்களா?" என்றாள். பதில் இல்லை.

இவ்வளவு செலவும் பேச்சும் முடிந்த பிறகுதான் உறைத்தது, எங்கள் குடும்பத்தில் இரவில் பூக்கும் கொடி ஒன்றும் புதிதில்லை என்று. குறிஞ்சிப்பாடிப் பக்கத்து ஆயா வீடு கூரை வீடு. ஆடியில் சுவரோரம் ஊன்றிய சுரை ஐப்பசிக்குள் கூரையை மூடிவிடும். வாசலில் கயிற்றுக் கட்டிலில் படுத்தால், கூரைமேல் துணி கிழித்துப் போட்டதுபோல் வெள்ளை வெள்ளையாகப் பூ. காலையில் பார்த்தால் வாடிக் கிடக்கும். அது ஏன் என்று ஒருநாளும் கேட்கவில்லை. சாப்பிடுகிற காய்க்குப் பூ இருக்கிறது என்பதையே யாரும் கவனிப்பதில்லை.

சுரை மட்டுமில்லை. புடலை சாயந்தரத்துக்கு மேல்தான் விரியும், ஓரமெல்லாம் வெள்ளை நூலாகப் பிரிந்து, யாரோ கத்தரிக்கோலால் நறுக்கிவிட்ட மாதிரி. நர்சரியில் அதற்கு ஓர் இங்கிலீஷ் பெயர் வைத்துத் தொங்கவிட்டால் 300 ரூபாய்க்கு வாங்கிவருவேன். பீர்க்கு மஞ்சள்தான், ஆனாலும் பொழுது சாய்கிற நேரத்தில்தான் திறக்கும். பூசணி, பாகல், வெள்ளரி இவையெல்லாம் காலைப்பூ. ஆக ஒரு சாதாரணக் காய்கறிப் பந்தலிலேயே பகல் ஷிஃப்டும் ராத்திரி ஷிஃப்டும் நடக்கிறது.

2021 ஆடியில் அம்மா கொல்லையில் சுரை போட்டாள். சவுக்குக் கழி நட்டு, கம்பி இழுத்து, மேலே தேவனாம்பட்டினத்திலிருந்து வாங்கிவந்த பழைய மீன்வலையை விரித்தேன். கொடி ஏறியது, பூ நிறைய வந்தது. காய் மட்டும் இல்லை. பூவுக்கு அடியில் சுண்டுவிரல் அளவு பிஞ்சு தெரியும், நாலு நாளில் மஞ்சளாகி வெம்பி விழும். கண் பட்டுவிட்டது என்று அம்மா பந்தல் மூலையில் பிய்ந்த செருப்பைக் கட்டினாள். வீடியோவில் ஒருவர், தேங்காய்ப்பாலும் மோரும் கலந்து புளிக்கவைக்கிற தேமோர்க் கரைசல் அடிக்கச் சொன்னார், அடித்தேன். இன்னொருவர் 3ஜி கட்டிங் என்றார். நுனியைக் கிள்ளி, அதில் வருகிற பக்கக்கிளையின் நுனியையும் கிள்ளினால் அடுத்த கிளையில் பெண்பூ கூடும். அது பலித்தது, பெண்பூ கூடியது. வெம்பி விழுகிற பிஞ்சும் கூடியது.

ஒரு வெள்ளிக்கிழமை கரண்ட் இல்லை. செல்போன் வெளிச்சத்தில் பந்தலடிக்குப் போனேன். பதினைந்து, இருபது பூ, உள்ளங்கை அகலத்துக்கு, மெல்லிய தாளைக் கசக்கிப் பிரித்த மாதிரி விரிந்திருந்தன. நீளக் காம்போடு தனியாக நிற்பது ஆண்பூ. குட்டைக் காம்பில், அடியில் குட்டிச் சுரைக்காயைச் சுமந்து நிற்பது பெண்பூ. அரை மணி நேரம் நின்றிருப்பேன். ஒரு பூச்சி வரவில்லை. எல்லாம் தயாராக இருந்தது, ஆள்தான் இல்லை.

ஆண்பூ ஒன்றைப் பறித்து, இதழை உரித்து, நடுவில் இருக்கிற மகரந்தத் தண்டைப் பெண்பூவின் நடுவில் மெதுவாகத் தேய்த்தேன். அம்மா கொல்லைக் கதவில் வந்து நின்றாள்.

"விளக்கு வெச்சாச்சு, செடியத் தொடாதன்னு எத்தினி வாட்டி சொல்றது?"

"இது தூங்கலம்மா. இப்பதான் முழிச்சிருக்கு."

"பூச்சி பொட்டு எதனா கடிச்சா தெரியும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய், டார்ச் லைட்டை எடுத்துவந்து கையில் கொடுத்தாள். அந்த வாரம் தொட்டது ஒன்பது பூ. ஏழு நின்றது. செருப்புக்கும் அதில் பங்கு உண்டு என்பது அம்மாவின் கட்சி.

காய் கிடைத்துவிட்டது, ஆனால் ஒரு கேள்வி குடையத் தொடங்கியது. ஆயா வீட்டில் யாரும் கூரைமேல் ஏறிப் பூவைத் தேய்க்கவில்லையே. அங்கே இந்த வேலையைச் செய்தது யார்?

பதில் தெருமுனையில் இருந்தது. மஞ்சள் விளக்கை எடுத்துவிட்டு வெள்ளை எல்.இ.டி. போட்ட கம்பம். அந்துப்பூச்சிகள் அங்கேதான் சுற்றிக்கொண்டிருந்தன, கம்பத்தில் மூன்று பல்லி கொழுத்துப்போய் ஒட்டியிருந்தன. இன்னொரு பதில் எங்கள் வீட்டு வாசலிலேயே. நந்தியாவட்டையில் விரல் தடிமனுக்குப் பச்சைப் புழு வரும். தலைப்பக்கம் நீலக் கண் மாதிரி இரண்டு பொட்டு, வால்பக்கம் சின்னதாக ஒரு கொம்பு. ஒரே ராத்திரியில் ஒரு கிளையை மொட்டையடிக்கும். அம்மா குச்சியால் தட்டி, செருப்புக்காலால் தேய்த்துவிடுவாள். நானும்தான். அந்தப் புழுதான் அரளியிலும் நந்தியாவட்டையிலும் வளர்ந்து, கீழே இறங்கிச் சருகுக்குள் கூட்டுப்புழுவாகக் கிடந்து, பச்சைப் பளிங்கில் வெள்ளையும் ரோஸும் இழைத்த மாதிரி ஒரு பெரிய அந்துப்பூச்சியாக வெளியே வருவது. அந்தரத்தில் நின்றபடியே நீள நாக்கால் தேன் குடிக்கிற இனம். காலையில் புழுவை மிதித்துவிட்டு, தினமும் சருகைக் கூட்டிக் கொளுத்திவிட்டு, ராத்திரி பூச்சியைக் காணோம் என்று டார்ச்சோடு நின்றிருக்கிறேன்.

அம்மாவிடம் ஒரு உடன்பாடு போட்டேன். வாசல் பக்கம் அவள் ராஜ்ஜியம், கண்ணாடி மாதிரி பெருக்கிக்கொள்ளட்டும். கொல்லை மூலையில் ஒரு கட்டில் அகலத்துக்குச் சருகு அப்படியே கிடக்கும். புழுவைக் கண்டால் தட்டாமல் என்னைக் கூப்பிட வேண்டும். நான் அதைப் பின்னால் இருக்கிற இரண்டாவது நந்தியாவட்டைக்குக் குடிமாற்றுவேன். "புழுவுக்கு மாப்ள விருந்து" என்று தெருவெல்லாம் சொல்லிவைத்தாள்.

வெளிச்சம்தான் சுலபமாக முடியவில்லை. 2022இல் ஒரு முறை அந்தக் கம்பத்து விளக்கு அணைந்துபோனது. பத்து நாள் நான் வாயே திறக்கவில்லை. பந்தலில் இருட்டு இறங்கி, உண்மையைச் சொன்னால் நன்றாக இருந்தது. பதினோராம் நாள், எங்கள் மாடியில் குடியிருக்கிற நர்ஸ் பெண் ஷிஃப்ட் முடிந்து 9 மணிக்கு வரும்போது, தெருமுனையிலிருந்து வீடுவரை யாரிடமோ போனில் சத்தமாகப் பேசிக்கொண்டே வந்தாள். பேசிக்கொண்டே வந்தது பயத்தில் என்று கேட்டைத் திறந்துவிட்டபோதுதான் புரிந்தது. மறுநாள் காலையில் நானே போய் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். விளக்கு எரிந்தது. பந்தலின் தெருப்பக்கத்தில் பனையோலைத் தட்டி ஒன்றை உயரமாகக் கட்டினேன். முழு இருட்டு இல்லை, ஆனாலும் பூக்களின்மேல் நேர் வெளிச்சம் விழுவதில்லை.

இதற்கு நடுவில் பாம்பு. வாசனைக்குப் பாம்பு வரும் என்று ரங்கூன் மல்லி பூத்த நாளிலிருந்து எதிர் வீட்டுப் பெரியம்மா சொல்லிக்கொண்டிருந்தார். "தம்பி, எதுக்கும் சாம்பிராணி போடு." பாம்பு பூவை மோந்து பார்க்க வருவதில்லை, தவளைக்கும் எலிக்கும் வருகிறது என்று விளக்கிக்கொண்டே இருந்தேன். ஒருநாள் வந்தேவிட்டது. ஆறடிச் சாரை, என் மீன்வலையில் கழுத்து மாட்டிக்கொண்டு. நைலான் இழை தோலில் இறங்கியிருந்தது. பாம்பு பிடிக்கிற தம்பி வந்து கத்தரிக்கோலால் ஒவ்வொரு கண்ணாக வெட்டி எடுக்க ஒரு மணி நேரம் ஆனது. அடுத்த நாளே வலையை எடுத்துவிட்டுத் தேங்காய்க் கயிறு கட்டினேன். மாடித்தோட்டத்துக்கு மீன்வலை சிக்கனம் என்று நானே நாலு பேருக்குச் சொல்லியிருக்கிறேன், அந்த நாலு பேரும் இதைப் படித்தால் நல்லது. பெரியம்மா மட்டும் "நான் சொன்னேன்ல" என்றார். தவளைக் கதையை நான் மறுபடி எடுக்கவில்லை.

போன வருஷம் புரட்டாசிக் கடைசியில் பஸ்ஸை விட்டு இறங்கி, கை கால் கழுவி, வழக்கம்போல டார்ச்சோடு பந்தலடிக்குப் போனேன். ஆண்பூவைப் பறிக்கக் கையை நீட்டியபோது காதோரம் விர்ரென்று ஒரு சத்தம், சின்ன ஃபேன் சுற்றுகிற மாதிரி. டார்ச்சை அணைத்தேன். கண் பழகிய பிறகு தெரிந்தது. ஒரு பூவின் முன்னால் அந்தரத்தில் நின்றது, அடுத்ததற்குப் போனது, மூன்றாவதை விட்டுவிட்டு நாலாவதற்குப் போனது. என்ன நிறம், என்ன இனம், எங்கள் நந்தியாவட்டையில் தின்று வளர்ந்ததுதானா என்பதெல்லாம் அந்த இருட்டில் தெரியவில்லை. ஒரு நிமிஷம் இருந்திருக்கும். தட்டிக்கு மேலே ஏறிப் போய்விட்டது.

அது விட்டுவிட்டுப் போன பூக்களை நான் தேய்த்தேன். அது வந்து போனதையும் ஒன்றிரண்டு தேய்த்திருப்பேன், கை பழக்கம். காலையில் பூ வாடுவதற்குள் தேனீயும் ஒரு சுற்று வந்திருக்கலாம். அந்த வாரம் ஆறு பிஞ்சு நின்றது.

முதல் காயை அம்மா அறுத்துவந்து திண்ணையில் வைத்து, நகத்தால் கீறிப் பார்த்தாள். பிஞ்சுதான்.

"இது உன்னுதா, உன் பூச்சியுதா?"

"தெரியலம்மா."

"சரி, கடலப்பருப்பு ஊற வெச்சிருக்கேன். கூட்டுதான்" என்று அரிவாள்மணையை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.